என் அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்த கேள்விகள்

மதிப்பிற்குரிய பேராசிரியர் சதீஷ் சந்திர கிரிமாஜி அவர்களுக்கு,

உங்களை நான் நேரில் சந்தித்ததில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் குழந்தைகள் மனநலத் துறையில் நீங்கள் பேராசிரியராக இருந்த காலத்தில், ஓசூர் சாலையில் அந்த வளாகத்தின் வாசலைத் தாண்டி பஸ்ஸில் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன். உள்ளே ஒருவர் எங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போது தெரியாது. இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர்களில் பலருக்கு உங்கள் பெயர் தெரியாது. உங்கள் உழைப்பின் பலன் மட்டும் யார் யார் வழியாகவோ அவர்களை வந்து சேர்ந்திருக்கிறது.

என் தம்பி அறிவுத்திறன் குறைபாடு உடையவன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டான். அவன் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குக் கிடைத்த யோசனைகளை எண்ணிப் பார்த்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. மூளை வளர டானிக் எழுதிக் கொடுத்தார்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கச் சொன்னார்கள், தங்கினோம். வளர்ந்ததும் ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நல்லவேளை, அதை மட்டும் அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் அவனைப் பற்றியே பேசினார்கள். அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்கு இந்திய மனநல மருத்துவ இதழ் வரும். அதன் 1999-ஆம் ஆண்டு இதழ் ஒன்றில்தான் உங்கள் கட்டுரையைப் பார்த்தேன். ஷோபா ஸ்ரீநாத், சேகர் சேஷாத்ரி ஆகியோரோடு சேர்ந்து நீங்கள் எழுதியது. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகள் இருக்கும் குடும்பங்களின் நெருக்கடியையும், அதைச் சமாளிக்கும் விதத்தையும் கேட்டறிவதற்கான ஒரு நேர்காணல் முறையை அதில் உருவாக்கியிருந்தீர்கள். பெற்றோரைப் பேசவிட்டு, கேட்டுக்கொண்டு, அதன் பிறகு மதிப்பிடுகிற முறை. நெருக்கடியை நான்காகப் பிரித்திருந்தீர்கள்: அன்றாடப் பராமரிப்பு, மனச்சுமை, வெளியுலகத்தால் வரும் சங்கடம், பணக் கஷ்டம். இன்னொரு பக்கம் பெற்றோருக்கு உள்ள புரிதல், எதிர்பார்ப்பு, பிள்ளையை வளர்க்கும் விதம், அவர்களுக்குக் கிடைக்கும் ஒத்தாசை, குடும்பம் மொத்தமாக எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதெல்லாம் இருந்தன.

அன்றிரவு அந்தத் தலைப்புகளை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளியுலகத்தால் வரும் சங்கடம் என்றதும் கை நின்றது. “பந்தி” என்றாள். ஒரே சொல். எனக்கு விளங்கிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டி முடித்ததும் அம்மா கிளம்பிவிடுவாள். பந்தியில் தம்பி இலையைத் தட்டிவிடுவான், சத்தம் போடுவான், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை வருஷமும் உறவுக்காரர்களின் கல்யாணச் சாப்பாட்டை அவள் சாப்பிட்டதே இல்லை. வீட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஒத்தாசை என்று படித்தபோது எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாவின் பெயரைச் சொன்னாள். அப்பாவின் பெயரை யோசித்துவிட்டுச் சொன்னாள். பணம் என்றதும் சிரித்தாள். கடைசியில், “இதெல்லாம் கேட்கறதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்களாடி?” என்றாள்.

இருக்கிறார்கள் அம்மா என்றேன். அதற்காகத்தான் ஐயா இந்த நன்றி. மருந்தால் அவள் பாரம் குறையப் போவதில்லை என்று அவளுக்கு எப்போதோ தெரியும். ஆனால் தான் சுமப்பது ஒரு சுமை, அதை அளக்கலாம், அதைக் குறைக்க வழி தேடலாம் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. அதோடு நீங்கள் நிறுத்தவில்லை. அவள் எப்படித் தாங்கிக்கொண்டாள் என்பதையும் கேட்டீர்கள். அழுகையை எண்ணும் ஆய்வுகள் ஏராளம். அம்மாவின் சாமர்த்தியத்தையும் கணக்கில் சேர்த்த ஆய்வு என்பதால்தான் உங்களுடையது எனக்கு உயர்வாகப் படுகிறது.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் இந்தத் துறையின் ஆராய்ச்சி பெரிய விடுதி மருத்துவமனைகளிலிருந்து கிளம்பியது. 1950களின் கடைசியில் ஜாக் டிஸார்ட் லண்டனின் ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 குழந்தைகளை புரூக்லாண்ட்ஸ் என்ற வீட்டுக்குக் கொண்டுபோய், சிறு குழுக்களாக, வீட்டுப் பிள்ளைகளைப் போல வளர்க்கச் செய்தார். மருத்துவமனையிலேயே விடப்பட்ட பிள்ளைகளைவிட அவர்கள் பேச்சில் முந்திவிட்டார்கள். அங்கே பிள்ளைகளை வீட்டைப் போன்ற இடத்துக்குக் கொண்டுவருவதே பெரும் வேலை. நம் நாட்டில் பிள்ளைகள் முதலிலிருந்தே வீட்டில்தான் இருக்கிறார்கள். உதவிதான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். தாயையோ தந்தையையோ பிள்ளையோடு தங்கவைத்துக் கற்றுக்கொடுக்கும் நிம்ஹான்ஸ் வழக்கத்தை நான் அந்தக் கூடாரங்களின் வாரிசாகவே பார்க்கிறேன். உங்கள் கட்டுரை வந்த அதே 1999-இல் வேலூர் சிஎம்சியில் பால் ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பெற்றோரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு விரிவுரை நடத்தினார்கள். மற்றொரு பிரிவை 10 வாரம் கூடி உட்கார்ந்து பேசவைத்தார்கள். கூடிப் பேசிய பெற்றோரிடம்தான் பிள்ளைகளைப் பற்றிய மனப்பான்மை அதிகம் மாறியது. இது தெரிந்த பிறகுதான் அம்மாவைப் பெற்றோர் சங்கக் கூட்டங்களுக்கு நான் விடாமல் அழைத்துப் போனேன்.

அங்கே ஒரு சிறப்பு ஆசிரியை தம்பிக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை நாங்கள் மேல் பொத்தானில் தொடங்குவோம். அவன் இரண்டு முறை தவறவிட்டு, சட்டையைக் கழற்றி எறிவான். அந்த ஆசிரியை எல்லாப் பொத்தான்களையும் தானே போட்டார். கடைசிப் பொத்தானைப் பாதி துளையில் நுழைத்துவைத்து, மிச்சத்தை இழுக்க மட்டும் அவன் விரலைப் பிடித்துக் காட்டினார். இழுத்தான். சட்டை போட்டு முடித்தது அவன்தான். அவனுக்குக் கைதட்டல். சில வாரத்தில் கடைசிப் பொத்தான் முழுக்க அவனுடையது, அப்புறம் கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்து ஒருநாள் முழுச் சட்டையும் அவனே போட்டுக்கொண்டான். ஒரு வேலையைத் துண்டு துண்டாக்கி, முடிகிற இடத்திலிருந்து கற்றுக்கொடுப்பது ஆராய்ச்சியிலிருந்து வந்த முறை என்று அந்த ஆசிரியை சொன்னார். அவர் கையில் மெட்ராஸ் முறை என்று சொல்லும் பட்டியல் இருந்தது. சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கியது. 18 பிரிவுகளில் 360 செயல்கள். இதில் தம்பிக்கு எது வரும் என்றுதான் முதலில் குறித்துக்கொண்டார். வராததைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அம்மாவுக்கு அந்தத் தாள் ஒரு பரிசு மாதிரி இருந்தது. கடைசி வரை பீரோவில் வைத்திருந்தாள்.

உங்கள் பெயர் வரும் இன்னொரு ஆய்வையும் மறக்கவில்லை. ஷோபா ஸ்ரீநாத்தின் தலைமையில் பெங்களூரின் நடுத்தரக் குடியிருப்புகள், குடிசைப் பகுதிகள், சுற்றுக் கிராமங்கள் மூன்றிலும் 16 வயது வரையிலான 2,064 குழந்தைகளை நீங்களெல்லாம் பார்த்தீர்கள். 2005-இல் வெளியான அதன்படி நூற்றுக்கு 12.5 பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. வீடு வீடாகப் போனதால்தான் தெரிந்தது.

1999-இன் கடைசியில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பெற்றோர் சங்கங்கள் கேட்டுக் கேட்டுப் பெற்றது அது. அதன்படி மாவட்டத்தின் உள்ளூர்க் குழு வழியாகத்தான் அம்மா போன பிறகு தம்பிக்குச் சட்டப்படியான பாதுகாவலராக நான் ஆனேன். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷம் 1 லட்சம் ரூபாய் வரை அவனுடைய மருத்துவச் செலவுக்கு உண்டு. இந்தக் காகிதங்களை நிரப்பும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்வேன். குடும்பத்தின் பாடு என்னவென்று எழுத்தில் பதிவாகாமல் எந்த அரசாங்கமும் அசைவதில்லை. பெற்றோர் குரல் கொடுத்தார்கள். உங்களைப் போன்றவர்கள் அதற்குச் சான்று சேர்த்தீர்கள்.

ஒரு விண்ணப்பமும் உண்டு ஐயா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறிவுத்திறன் குறைபாடு உடையவர்கள் நாட்டில் 15 லட்சம் பேர் என்று பதிவானது. அவர்களில் என் தம்பியைப் போலப் பெற்றோரை இழந்தவர்கள், அக்காவோ அண்ணனோ பார்த்துக்கொள்கிறவர்கள், அந்த அக்காவுக்கும் முட்டி வலிக்கத் தொடங்கியவர்கள் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள்? அம்மாவின் நெருக்கடிக்கு நீங்கள் ஓர் அளவுகோல் செய்தீர்கள். வயதாகிவரும் கூடப்பிறந்தவர்களுக்கு ஒன்று வேண்டும். உங்களிடம் படித்தவர்கள் அதைச் செய்தால் மகிழ்வேன். அவர்கள் எந்தக் கேள்வித்தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முதல் கேள்வியை என்னிடம் கேட்க வேண்டாம். என் தம்பியிடம் கேட்கட்டும். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், பதில் மெதுவாக வரும். யாரோடு இருக்கப் பிடிக்கும், எந்த பஸ்ஸில் போகப் பிடிக்கும், யார் வந்தால் பிடிக்காது என்று அவனுக்குத் தெளிவான அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை எழுதிக்கொள்ள நிறையத் தாள் கொண்டுவரச் சொல்லுங்கள்.


அல்சூரிலிருந்து ஓர் அக்கா