புரொஜெக்டர் லென்ஸும் சோப்புக் குமிழிகளும்

ஸ்லைடு புரொஜெக்டர்களின் காலம் முடிந்து வெகுநாளாகிறது. கோடாக் நிறுவனம் 2004-லேயே அவற்றைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அவற்றின் லென்ஸுக்கு மட்டும் டிஜிட்டல் கேமராவில் மறுபிறவி கிடைத்திருக்கிறது!

கிழக்கு ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில் மேயர்-ஆப்டிக் தயாரித்த 'டயாபிளான் 100 மி.மீ.' நல்ல உதாரணம். உள்ளே மூன்றே வில்லைகள். பின்னணியில் ஃபோகஸ் ஆகாத ஒளிப்புள்ளிகள் எல்லாம், ஓரம் மின்னும் சோப்புக் குமிழிகளாகப் படத்தில் விழும். லென்ஸ் இலக்கணப்படி இது குறை. ரசிகர்களுக்கோ அதுதான் அழகு.

இதில் அப்பர்ச்சர் கிடையாது, ஃபோகஸ் வளையமும் கிடையாது. திருகினால் நீளும் ஹெலிகாய்டு குழாயும் அடாப்டரும் சேர்த்து மாட்ட வேண்டும். மிரர்லெஸ் கேமரா என்றால் சுலபம். சோனி இ-மவுண்டிலிருந்து சென்சார் 18 மி.மீ. தூரம்தான், நிக்கான் எஃப்-மவுண்டில் 46.5 மி.மீ. மிச்சமாகும் இடத்தில் குழாய் உட்கார்ந்துவிடும். வெளிச்சத்தை ஷட்டர் வேகத்தை வைத்துச் சரிசெய்யலாம்.

இதே குமிழி தரும் கேமரா லென்ஸான டிரையோபிளானைப் புதிதாகச் செய்ய, 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணமே திரட்டினார்கள். தேவை வந்தால் பழைய சாமானுக்கும் விலை வரும். அதற்காக, நன்றாக ஓடும் புரொஜெக்டரைப் பிரித்துவிடாதீர்கள் நண்பர்களே. ரிப்பேராகிக் கிடப்பதைத் தேடி வாங்குங்கள். யார் வீட்டுக் கல்யாண ஸ்லைடுகளோ இன்னும் சுவரில் விழக் காத்திருக்கலாம்.