சத்தம் போடாத பிழை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களில் பலருக்கும் வந்து சேர்வது, ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலைதான். ‘இதைப் போய் என் தலையில் கட்டினார்களே’ என்று முகம் சுளிக்காதீர்கள், பிள்ளைகளே. இந்தத் தொழிலில் பொறுப்பைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

பைத்தானின் கதையையே பாருங்கள். பழைய நிரல்கள் பலவும் அப்படியே ஓடாது என்று தெரிந்தே 2008 டிசம்பரில் 3.0 பதிப்பை வெளியிட்டார்கள். பழைய 2.7க்கு 2015 வரைதான் ஆதரவு என்றிருந்தது. மாற வேண்டியவர்கள் மாறி முடிக்காததால், அந்தக் கெடுவை 2020 வரை நீட்டித்தார்கள். அவகாசம் கிடைத்தால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். கெடு நெருங்க நெருங்க, சரிபார்க்கும் வேலையைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. மாற்றத்தில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. ஒன்று சத்தம் போடும். பழைய பைத்தானில் ‘பிரின்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை, புதியதில் கட்டாயம். விட்டுவிட்டால் நிரல் தொடங்கவே தொடங்காது. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ‘டூ-டு-த்ரீ’ என்ற மாற்றும் கருவியே இதைத் திருத்திக் கொடுத்துவிடும்.

இன்னொரு வகை வாயே திறக்காது. பெட்டிக்கு 12 வீதம் 50 பொருள்களை அடுக்கினால் எத்தனை பெட்டி நிறையும்? 50ஐ 12ஆல் வகுத்தால் பழைய பைத்தான் 4 என்று சொல்லும். அதே வரிக்குப் புதியது 4.1666 என்று நீளமாகச் சொல்லும். 2.5ஐக் கிட்டிய முழு எண்ணாக்கச் சொன்னால் பழையது 3.0 என்னும். புதியது 2 என்னும். நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது, மாற்றும் கருவியும் இந்த வரிகளைத் தொடாது. விடை மட்டும் மாறியிருக்கும். யாரோ ஒருவருடைய பில்லிலோ சம்பளத்திலோ போய்த்தான் அது தெரியவரும்.

நம் மொழியிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். யூடிஎஃப்-8இல் சேமித்த ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பழைய பைத்தானின் சாதாரண சரம் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். புதியது யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்று சொல்லும். நாம் எண்ணினால் மூன்றே எழுத்து. பெயருக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கி வைத்த பழைய நிரலில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பார்க்காமல் மாற்றினால், பெயர் பாதியில் வெட்டுப்படலாம். புதிய பதிப்பு வந்துவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் இதில் கவனியுங்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு வரியைத் திருத்தும் முன், பழைய நிரல் இன்று என்ன விடை தருகிறது என்று எழுதி வையுங்கள். பூஜ்யம், காலியான பெயர், மாதக் கடைசித் தேதி, அரை ரூபாய் என்று ஓரத்தில் நிற்பவற்றையெல்லாம் கொடுத்துப் பாருங்கள். அந்த விடைகளையே டெஸ்டாக மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு பகுதியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். இன்ஸ்டாகிராம் 2017இல் பைத்தான் 3க்கு மாறி முடித்தபோதும், தனிக் கிளை பிரித்து எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றவில்லை. தினமும் எல்லோரும் வேலை செய்த அதே நிரலைத்தான் சிறுகச் சிறுக இரண்டு பதிப்புகளிலும் ஓடும்படி செய்தார்கள்.

மாற்றும்போதே அழகுபடுத்தவும் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். வீடு மாறுகிற அன்றைக்கே சுவரை இடித்துக் கட்டினால், எது எங்கே தொலைந்தது என்று யாருக்கும் தெரியாது. முதலில் மாற்றம், அது நிலைத்த பிறகு மேம்பாடு.

விளங்காத வரி ஒன்றைக் கண்டால், எழுதியவரை முட்டாள் என்று முடிவு கட்டாதீர்கள். என்றோ ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்கு நேர்ந்த சிக்கலுக்கு அது விடையாக இருக்கலாம். தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். அதன் காரணம் புரிந்த பிறகு நீக்கலாம். அதற்கு முன் கை வைக்காதீர்கள்.

கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் இன்று எழுதுவதையும் நாளை ஒரு பிள்ளை உட்கார்ந்து மாற்றத்தான் போகிறது. அந்தப் பிள்ளைக்காக டெஸ்டுகளையும், ஏன் இப்படி எழுதினோம் என்ற குறிப்பையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.