பழைய பெட்டி திறந்திருக்கும்போதே

2013 ஜூனில் யாஹூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்காத பயனர் பெயர்களை விடுவித்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னது. பெயருக்குப் பின்னால் நான்கைந்து எண்களை ஒட்டவைத்து முகவரி வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் சில மாதங்களிலேயே புதியவர்கள் சிலர் தங்கள் பெட்டியைத் திறந்து திகைத்தார்கள். பழைய ஆளுக்குப் போக வேண்டிய மடல்கள், சொந்த விவரங்களோடு, அங்கே வந்து விழுந்துகொண்டிருந்தன. ‘இது என் மடல் அல்ல’ என்று சொல்ல யாஹூ ஒரு பொத்தானையே வைக்க வேண்டியிருந்தது.

அதோடு முடியவில்லை. ஃபேஸ்புக்கும் யாஹூவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தன; அது 2014 ஜூலையில் ஆர்எஃப்சி 7293 என்ற இணைய ஆவணமாக வெளிவந்தது. மடல் அனுப்பும் தளம், ‘இந்தத் தேதியில் இந்த முகவரி எங்கள் பயனருடையது, அதற்குப் பிறகு கைமாறியிருந்தால் கொடுக்காதே’ என்று மடலின் தலைப்பகுதியிலேயே குறிப்பு எழுதி அனுப்பலாம். கைவிடப்பட்ட ஒரு முகவரிக்காக இத்தனை பெரிய நிறுவனங்கள் மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற வரியை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அதற்குப் பதிலாக வரும் மடலை யார் திறக்கிறாரோ, பல தளங்களின் கண்ணில் அவர்தான் கணக்குக்குச் சொந்தக்காரர்.

கணக்கின் அமைப்புகள் பக்கத்தில் ‘முதன்மை மின்னஞ்சல்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பெரும்பாலானோர் கணக்கு தொடங்கிய நாளில் அதை நிரப்பியதோடு சரி; பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. தமிழ்நாட்டில் அந்த முதல் நாளிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

ப்ளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் இதைப் பார்க்கலாம். “மெயில் ஐடி சொல்லுங்கக்கா” என்று கேட்கிறான் கணினிமுன் இருக்கும் பையன். மகளைக் கூட்டி வந்த அம்மா, “அதெல்லாம் எங்களுக்கு ஏதுப்பா, உன்னோடதையே போட்டுடு” என்கிறார். அவனும் போட்டுவிடுகிறான். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. கொஞ்சம் நிதானமுள்ளவன் என்றால் அங்கேயே புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கி, கடவுச்சொல்லை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பான். ரசீது வீடு போய்ச் சேர்வதற்குள் கசங்கிவிடும். கலந்தாய்வு, கல்வி உதவித்தொகை, பிறகு அரசுத் தேர்வு என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் முக்கியமான செய்திகள் எல்லாம் தெரியாத ஒருவரின் பெட்டிக்கோ, யாராலும் திறக்க முடியாத பெட்டிக்கோ போய்ச் சேரும். அவளுக்கென்று ஒரு முகவரியை உட்கார்ந்து உருவாக்கித் தருவதை அவள் படித்த பள்ளியே செய்திருக்கலாம். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் கால் மணி நேரம் ஒதுக்கினால் முடிகிற வேலை.

விவரம் தெரிந்தவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். வருமான வரிக் கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார் என்று, வரித்துறைத் தளத்திலும் அவர் அலுவலக முகவரியையே முதன்மையாக விட்டுவைத்திருப்பவர்கள் ஏராளம். தாக்கல் செய்த படிவத்தில் குறை இருந்தால் 139(9) பிரிவின்கீழ் அறிவிப்பு வரும். சரிசெய்யக் கிடைப்பது 15 நாள். சீசன் நேரத்தில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வரும் நூற்றுக்கணக்கான மடல்களுக்கிடையே அது கண்ணில் படாமல் போனால், அந்தப் படிவமே செல்லாததாகிவிடலாம். தளத்தில் முதன்மை, இரண்டாம் நிலை என்று இரண்டு முகவரிகளுக்கு இடம் இருக்கிறது. முதல் இடத்தில் தன்னுடையதையும் இரண்டாவதில் ஆடிட்டருடையதையும் வைத்துக்கொண்டால் இருவருக்கும் செய்தி போகும்.

அலுவலக முகவரிக்காரர்களின் கதை சுருக்கமானது. வேலையை விடும் நாளில், சில இடங்களில் மாலைக்குள், அந்தப் பெட்டி மூடப்படும். அதே முகவரியில் தொடங்கிய லிங்க்ட்இன் கணக்கும் கூடவே கைநழுவக்கூடும், அடுத்த வேலை தேட அதுதான் தேவைப்படும் நேரத்தில். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைச் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, இத்தனை முக்கியமான மாற்றத்தைத் தளங்கள் ஏன் எளிதாக்கித் தரக்கூடாது? கடவுச்சொல் கேட்கிறார்கள், ஓடிபி கேட்கிறார்கள், காத்திருக்கச் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பழைய பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் நீக்கிப் புதியவற்றைக் கொடுத்தால் 30 நாள் பொறுக்க வேண்டும். எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் 2012 ஆகஸ்டில் மேட் ஹோனனுக்கு நடந்ததைப் படித்தவர்கள் அந்த 30 நாளைக் குறைசொல்ல மாட்டார்கள்.

ஹோனன் அமெரிக்காவின் வயர்டு இதழில் எழுதிவந்த தொழில்நுட்ப நிருபர். அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர்மேல் சிலருக்கு ஆசை. அவர்கள் அமேசானுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஹோனன் போலப் பேசி, அவர் கணக்கில் ஒரு புதிய கடன் அட்டை எண்ணைச் சேர்த்தார்கள். வைத்துவிட்டு மறுபடி அழைத்தார்கள். கணக்கைத் திறக்க முடியவில்லை என்றார்கள். அடையாளத்துக்கு, சற்றுமுன் தாங்களே சேர்த்த எண்ணைச் சொன்னார்கள். அமேசான் நம்பியது. கணக்கில் ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. அந்த ஒரு முகவரி போதுமானதாக இருந்தது. அதன் வழியே உள்ளே போய் அவருடைய உண்மையான அட்டையின் கடைசி நான்கு எண்களைப் பார்த்தார்கள். அதைச் சொல்லி ஆப்பிள் கணக்கைப் பிடித்தார்கள். ஜிமெயிலுக்கு மீட்பு முகவரியாக ஹோனன் கொடுத்திருந்தது ஆப்பிள் முகவரி. ஆகவே ஜிமெயில் போனது, ட்விட்டரும் போனது. அவர் குறுக்கே வந்துவிடாதபடி ஐஃபோன், ஐபேட், மடிக்கணினி மூன்றையும் தொலைவிலிருந்தே அழித்தார்கள். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அந்த மடிக்கணினியில்தான் இருந்தன. எல்லாம் சுமார் ஒரு மணி நேரத்தில். படங்களில் பெரும்பகுதியைப் பின்னர் நிபுணர்களைக் கொண்டு மீட்டார். தொலைபேசியில் இப்படி விவரம் மாற்றுவதை இரு நிறுவனங்களும் சில நாட்களிலேயே நிறுத்தின.

அதனால்தான், முகவரி மாறியதும் பழைய பெட்டிக்கும் ஒரு மடல் அனுப்புவதைக் கவனமான தளங்கள் வழக்கமாக வைத்திருக்கின்றன: ‘உங்கள் முகவரி மாற்றப்பட்டது. நீங்கள் செய்யவில்லை என்றால் இங்கே அழுத்துங்கள்.’ திருட்டை நிறுத்தக் கடைசி வாய்ப்பு அதுவாக இருக்கலாம். பழைய பெட்டி கையில் இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

இந்தியாவில் 2011 ஜனவரியிலிருந்து கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. மின்னஞ்சலுக்கு அந்த வசதி இல்லை. முகவரி மாறினால் ஒவ்வொரு கதவாகப் போய்த்தான் சொல்லியாக வேண்டும். வங்கி, வரித்துறை, காப்பீடு ஆகியவற்றை முதலில் மாற்றுவது நல்லது. பொருள் வாங்கும் தளங்கள் காத்திருக்கட்டும். புதிய ஜிமெயிலின் மீட்பு முகவரியாக மூடப்போகும் பெட்டியைக் கொடுத்துவிடக் கூடாது. பழைய பெட்டியை உடனே கைவிடாமல் ஒரு முழு வருடமாவது வைத்திருக்க வேண்டும். ஸ்கூட்டர் காப்பீட்டுப் புதுப்பிப்பு, ஆயுள் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம் போன்ற நினைவூட்டல்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். எந்தக் கணக்கு விடுபட்டுப்போனது என்பது அவை வந்தால்தான் தெரியும். அதுவரை அவ்வப்போது உள்ளே போய்வருவதும் அவசியம். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வேலையை 2023 டிசம்பரிலேயே கூகுள் தொடங்கிவிட்டது.