தரகரும் ஒரு வெற்றுப் படிவமும்

கட்டுகஸ்தோட்டையில் 9 பேர்ச் காணி. அதில் வீடு கட்ட வங்கிக் கடனுக்கு முயன்றபோது, கண்டித் தேநீர்க்கடையொன்றில் நண்பர் ஒரு தரகரை அறிமுகம் செய்தார். கடன்தொகையில் நூற்றுக்கு 2 அவருடைய கூலி. காணிப் பதிவகத்தில் உறுதியின் பழைய பதிவுகளைத் தேடுவது, மாநகர சபைச் சான்றிதழ்கள், மண்சரிவு அபாயம் பற்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, எல்லாவற்றுக்கும் அவரே அலைவாராம். மலைச்சரிவில் வீடு கட்டுபவனுக்கு அது சிறிய உதவியன்று.

எனக்கோ வயது 56. ஓய்வுபெறுமுன் கடனைத் தீர்ப்பதென்றால் சம்பளத்தில் பாதி தவணைக்கே போய்விடும்.

"அதுக்கும் வழி இருக்கு சேர். சம்பளக் கடிதத்தைக் கொஞ்சம் கூட்டி எடுப்போம்" என்றவர், ஒப்பமிடுமாறு வெற்றுப் படிவமொன்றையும் நீட்டினார்.

முப்பது வருடங்களாக ஏல அறிவித்தல்களை அச்சேற்றியவன் நான். ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே வங்கி ஏலமிட வழிசெய்வது 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம். (2024 இல் அதனைச் சிறிது காலம் இடைநிறுத்தினார்கள், நினைவிருக்கும்.) அந்த அறிவித்தல்களில் கடனாளியின் பெயர் இருக்கும்; தரகரின் பெயரை ஒருநாளும் கண்டதில்லை.

தேநீருக்குப் பணம் கொடுத்துவிட்டு எழுந்தேன். பதிவகத் தேடலை மட்டும் நொத்தாரிசு ஒருவரிடம் ஒப்படைத்தேன். கடன் சிறிது, வீடும் சிறிது. மேல்மாடி இல்லையென்று மனைவிக்கு இன்னும் வருத்தந்தான்.