அளந்தோம், ஆராயவில்லை!

மின்சாரம் எட்டாத திடலில் மின்கிதார் வாசிக்க முடியுமா என்று நண்பரொருவர் கேட்டார். முடியும் என்றோம். சொல்வதற்கு என்ன தடை? செய்து முடிப்பதன்றோ கடினம்! அதைச் செய்து முடிப்பதற்குள் நண்பரின் அரும்பொருளொன்றைக் கருக்கினோம். நமது செருக்கும் அதனோடு சேர்ந்து கருகிற்று. நேர்ந்த இழுக்கை மறைத்துவிட்டுக் கற்ற பாடத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது. எனவே இரண்டையும் எழுதுகிறோம்.

நண்பர் அச்சகத் தொழிலாளி. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர், இரவிலே கிதாரை எடுத்தால் களைப்பை மறப்பார். அவர் பகுதிப் படிப்பகத்தின் ஆண்டுவிழா, மின் இணைப்பில்லாத திறந்த திடலில் நடைபெற இருந்தது. பேட்டரியில் ஓடும் சிறு ஒலிபெருக்கி அவரிடம் உண்டு. ஆனால் பெடல்கள்?

பெடல் என்பது கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே, வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சிறு பெட்டி. மிதித்தால் ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும். ஒன்று எதிரொலி எழுப்பும். ஒன்று ஒரு கிதாரைப் பல கிதார்களாகக் காட்டும். 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெட்டி, 1.5 வோல்ட் பேட்டரிகள் இரண்டைக் கொண்டு இயங்கியது. பின்னர் 9 வோல்ட் என்பது ஏறத்தாழப் பொது வழக்காயிற்று. வீட்டிலே நண்பர் சுவரில் செருகும் மலிவான அடாப்டரைப் பயன்படுத்தி வந்தார். பாட்டுக்கு முன்னே இரைச்சல் வரும். பாட்டு முடிந்த பின்னும் இரைச்சல் நிற்கும்! 50 சுழற்சி மாறுமின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்திச் சரிவர வடிகட்டாது விட்டால், நொடிக்கு 100 துடிப்பாக அந்த மிச்சம் இசையோடு கலக்கும். பேட்டரியில் பிறக்கும் மின்னோட்டத்துக்கு அந்த நோயில்லை. ஆகவே நாம் செய்யவிருந்த பெட்டி, திடலுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் விருந்தாகும் என்று மகிழ்ந்தோம்.

கணக்கிட்டோம். சுருதி பார்க்கும் பெடலுக்கு 30 மில்லி ஆம்பியர், கரகரப்புக்கு 10, கோரஸுக்கு 20, டிலேக்கு 60, ரிவெர்ப்புக்கு 100, ஆக 220. யூ.பி.எஸ். பெட்டிகளில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டோம். அடிமட்டம் வரை வற்றவிடாமல் பாதியளவே பயன்படுத்தினாலும் 15 மணி நேரம் தாங்கும். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும்; எனினும் தோள்பையில் தூக்கிச் செல்லலாம்.

12 வோல்ட்டை 9 ஆக்க, 7809 என்னும் மூன்று கால் ஐ.சி. போதும். சென்னை ரிச்சி தெருவிலே அதையும், அதன் உள்வழிக்கு 0.33, வெளிவழிக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளையும் வாங்கினோம். மிகுதி வோல்ட்டை அது வெப்பமாக்கிக் கழித்துவிடும். பேட்டரி 12.6 வோல்ட்டில் நிறைந்திருக்கையில் வெப்பம் ஏறத்தாழ 0.8 வாட்; சிறு அலுமினியத் தகடு தாங்கிக்கொள்ளும். வெளியே 9 வேண்டுமெனில் உள்ளே சுமார் 11 இருக்கவேண்டும். பேட்டரி 11-க்கு இறங்கினால் வாசிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பேட்டரிக்கும் அதுவே நல்லது.

பற்றவைத்தோம், பொருத்தினோம். அளவுமானியின் சிவப்பு முனையைச் செருகியின் நடுவிலும், கறுப்பை வெளிப்புறத்திலும் வைத்தோம். 9 என்று காட்டிற்று. ‘ஆகா!’ என்று அகமகிழ்ந்தோம். நண்பரின் கரகரப்புப் பெடலை முதலில் இணைத்தோம். ஒலி வரவில்லை. ஒரு நொடி, இரு நொடி, பிறகு நாற்றம் வந்தது! இழுத்துப் பிடுங்குவதற்குள் உள்ளேயிருந்த ஐ.சி. வெந்துவிட்டது. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் வாங்கிய பெட்டி அது.

நண்பர் சினக்கவில்லை. “வருந்தாதீர்கள் தோழர். எங்கே தவறு என்று பாருங்கள்” என்றார். சினந்திருந்தால் நமக்குச் சற்றே ஆறுதலாக இருந்திருக்கும்!

தேடினோம். தவறு பெடலிலும் இல்லை, ஐ.சி.யிலும் இல்லை, நம்மிடம் இருந்தது. வீட்டுக் கருவிகள் பலவற்றில் செருகியின் நடுமுனை நேர்மின். பெடல்களிலோ பெரும்பாலும் நடுமுனை எதிர்மின். வீம்புக்காக ஏற்பட்ட வழக்கமன்று அது. பெடலின் வயிற்றுக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் செருகும்போது அதன் நேர்முனை தானே அறுபட வேண்டும். துளையின் வெளிப்புறத் தொடர்பிலேதான் அந்த ஏற்பாடு அமைந்துள்ளது. ஆகவே நேர்மின் வெளியே நின்றது, எதிர்மின் நடுவே வந்தது. துளையருகே அதைக் காட்டும் சிறு படமும் பொறித்திருந்தது! படம் இருந்தது, கண்ணும் இருந்தது, பார்க்கவேண்டும் என்ற எண்ணந்தான் இல்லை. சிவப்பு முனையை நடுவில் வைத்தபோது 9-க்கு முன்னே கழித்தல் குறி வந்திருக்க வேண்டும். வராததைக் கண்டு நாம் திகைக்கவில்லை, திருப்தியடைந்தோம்! கருவி உண்மையைத்தான் சொல்லிற்று. எது உண்மையாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமலே நாம் அளந்தோம்.

இத்தாலியின் கல்வானியும் தவளைக் காலைத் தொட்டு, அது துள்ளக் கண்டார். விலங்கின் உடலிலேயே மின்சாரம் உறைகிறது என்று 1791-இல் எழுதினார். கண்டது உண்மை; கொண்ட முடிவில் பிழை. வோல்டா மீண்டும் கேட்டார்: தொட்ட உலோகங்கள் இரண்டும் வெவ்வேறானவை ஆயிற்றே, காரணம் அங்கே இருக்கலாகாதா? அந்தக் கேள்வியின் வழியே சென்றவர், தவளையை விலக்கிவிட்டு, உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் அடுக்கி 1800-இல் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தார். நம் தோள்பையிலுள்ள பேட்டரி அந்தக் கேள்வியின் வழித்தோன்றல். அதை வைத்துக்கொண்டே கேள்வி கேட்க மறந்தோமே!

பிறகு வேலை விரைந்தது. கருகிய எட்டுக் கால் ஐ.சி.யையும் ஒரு மின்தேக்கியையும் மாற்றினோம். அந்தப் பழைய பெடலில் இல்லாதிருந்த காப்பு டையோடு ஒன்றையும் சேர்த்தோம். பேட்டரியின் முனைகள் தவறித் தொட்டுக்கொண்டால் கம்பி கனலாகிவிடும்; ஆகவே நேர்முனையை ஒட்டி அரை ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம். செருகிகள் ஐந்தையும் மாற்றிப் பற்றவைத்தோம். ஒவ்வொரு பெடலின் படத்தையும் நண்பர் உரக்கப் படிக்க, நாம் அளந்தோம். ஐந்து முறையும் கழித்தல் குறி வந்தது; ஐந்து முறையும் அவரும் எட்டிப் பார்த்தார். அவர் நம்பாமல் பார்த்தார் என்று நாம் வருந்தவில்லை. அப்படித்தான் பார்க்கவேண்டும்!

விழா நாளன்று திடலில் இருள் கவிந்தபோது நண்பர் வாசித்தார். இரைச்சலில்லை, இசை மட்டும் இருந்தது. இரண்டு மணி நேரம் கழிந்து அளந்தோம். பேட்டரி 12-க்கு மேலேயே நின்றது.

தோழர்களே, கருவி செய்யுங்கள். கை சுட்டாலும் செய்யுங்கள். ஆனால் எண்ணைக் கண்டதும் துள்ளாதீர்கள். என்ன வரவேண்டும் என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அளந்து பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்த நமக்கு, நண்பரின் பல மாத உழைப்பு விலையாயிற்று.