நிலத்தடியில் எரியும் ஊர்

1966-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சென்ட்ரேலியா என்னும் சிற்றூர் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. ஊர்மக்கள் நினைவுப்பொருள்களை ஒரு பெட்டகத்தில் வைத்து மண்ணில் புதைத்தனர். 50 ஆண்டுகள் கழித்து, 2016-இல் அதைத் திறக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். ஆனால், ஊரின் நிலத்தடியில் அப்போதே 4 ஆண்டுகளாகத் தீ எரிந்துகொண்டிருந்தது.

சென்ட்ரேலியா நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். 1866-இல் அது தனி நகராட்சியானது. ஊர் சிறியதாயினும், அதன் பொதுப்பணிகளைக் கவனிக்கும் நகர மன்றத்தை மக்களே தேர்ந்தெடுத்தனர். 1962 மே மாதம், போரில் இறந்த வீரர்களின் நினைவு நாள் நெருங்கியது. மக்கள் கல்லறைத் தோட்டத்திற்கு வருவார்கள் என்பதால், அதன் அருகிலிருந்த குப்பைமேட்டைத் தூய்மைப்படுத்த மன்றம் ஏற்பாடு செய்தது. குப்பைக்கு வைத்த தீ, கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளத்தின் வழியே நிலக்கரியைப் பற்றிக்கொண்டது என்று பலரும் கருதுகின்றனர்.

தீயை அணைக்கும் முயற்சிகள் போதிய பணமின்றிப் பாதியில் நின்றன. 1979-இல், பெட்ரோல் நிலையம் நடத்திய நகரத் தலைவர், தம் நிலத்தடித் தொட்டிக்குள் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார். அது ஏறத்தாழ 78 பாகை செல்சியஸைக் காட்டியது! 1981-இல், 12 வயதுச் சிறுவன் ஒருவனின் காலடியில் நிலம் உள்வாங்கியது. மரவேரைப் பற்றித் தொங்கிய அவனை, உறவுக்காரச் சிறுவன் ஒருவன் இழுத்துக் காப்பாற்றினான்.

அதன்பின் ஊர் இரண்டுபட்டது. பிள்ளைகளின் உயிரை எண்ணிச் சிலர் வெளியேற விரும்பினர். பிறந்த மண்ணைவிட்டுப் பிரிய மற்றவர்க்கு மனம் வரவில்லை. மக்கள் இடம்பெயர அமெரிக்க நாடாளுமன்றம் 42 மில்லியன் டாலர் ஒதுக்கியது. பெரும்பாலோர் சென்றனர். 1992-இல் எஞ்சிய வீடுகளையும் மாநில அரசு கையகப்படுத்த முற்பட்டது. 2002-இல் ஊரின் அஞ்சல் குறியீடும் நீக்கப்பட்டது. அப்படியும் சிலர் அசையவில்லை. நீண்ட வழக்கிற்குப் பிறகு, 2013-இல், வாழ்நாள் முழுவதும் அங்கேயே வசிக்கும் உரிமையை அவர்கள் பெற்றனர்.

நூற்றாண்டுப் பெட்டகம் 2014-இலேயே திறக்கப்பட்டது. உள்ளே நீர் புகுந்து, பல பொருள்கள் பாழாகியிருந்தன. 1980-இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த அவ்வூரில், 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் ஐவர் மட்டுமே.

குப்பையை எங்கே கொட்டுவது, எவ்வாறு அகற்றுவது என்பதெல்லாம் ஒரு நகர மன்றத்தின் அன்றாட வேலை. அத்தகைய ஒரு நாள் வேலையில் பிறந்ததாகக் கருதப்படும் தீ, சென்ட்ரேலியாவில் இன்னும் அணையவில்லை.