மோதியிருந்தால் வெற்றி எவருக்கு?

ஒரே காலத்தில் களங்காணாத இரு வீரர்களைக் கற்பனையில் மோதவிட்டு, வெற்றி தோல்வி கணிப்பது மாந்தர்க்கு என்றும் உவப்பானதொரு பொழுதுபோக்கு. நம் இல்லத்தில் இவ்வழக்கு முகம்மது அலிக்கும் ராக்கி மார்சியானோவுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. மார்சியானோவின் வக்கீல் நம் தந்தையார்; அலியின் வக்கீல் நாம்.

இவ்வழக்கில் முன்னரே ஒரு தீர்ப்பு உண்டு. 1969-இல் இருவரையும் காமிராவின் முன் நிறுத்தி, ஒரு நிமிடச் சுற்றுகளாகப் பலவற்றையும், வெவ்வேறு முடிவுகளையும் படம்பிடித்தனர். கணிப்பொறி கூறியவாறு அவற்றைக் கோத்து 1970 ஜனவரியில் அமெரிக்காவில் திரையிட்டபோது, பதின்மூன்றாம் சுற்றில் அலி வீழ்ந்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலியே வென்றார்! முடிவை அறியாமலே மார்சியானோ 1969 ஆகஸ்டு 31-இல் விமான விபத்தில் மாண்டார்.

கடல் கடந்தால் மாறும் தீர்ப்பைத் தீர்ப்பென்று கொள்வது எங்ஙனம்? நாமே கணித்துப் பார்ப்போம்.

மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றிலேனும் தோல்வி காணாதவர். அவற்றுள் 43-இல் எதிரியை வீழ்த்தியே வென்றவர். ஆயினும் உயரம் ஆறடிக்குக் குறைவு. அலியோ 6 அடி 3 அங்குலம். கையெட்டும் ஏறத்தாழப் பத்து அங்குலம் மிகுதி.

“குனிந்து நுழைந்து தாக்கிய ஜோ பிரேசியர் 1971-இல் அலியை வெல்லவில்லையா?” என்பார் தந்தையார். வலுவான வாதமே. ஆனால் அந்த அலி, வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 1967 முதல் மூன்றரை ஆண்டு அரங்கேற இயலாதிருந்தவர். தடைக்கு முந்திய அலியின் கால்வேகம் பின்னர் மீளவேயில்லை. மேலும் மார்சியானோவின் முகம் எளிதில் கிழிவது. 1954 செப்டம்பரில் எஸ்ஸார்டு சார்லஸுடன் மோதியபோது அவர் மூக்கே பிளந்தது. எட்டாம் சுற்றில் எதிரியை வீழ்த்தித் தப்பினார். ஆகவே, 1967-இன் அலி, பத்தாம் சுற்றை ஒட்டி, எதிரியின் இரத்தக் காயத்தால் வெல்வார் என்பது நம் கணிப்பு.

தந்தையார் இதனை ஏற்பதில்லை. ஏனெனில் அவர் அலியை நேரில் கண்டவர். 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் அலி காட்சிச் சண்டை இட்டபோது கூட்டத்தில் ஒருவராக நின்றார். அலிக்கு அப்போது வயது 38, உடலும் தடித்திருந்ததாம். “நான் கண்ட மனிதர் மார்சியானோவின் முன் மூன்று சுற்றுக்கூட நில்லார்” என்பார். கண்ட சாட்சியை மறுப்பது எப்படி? அவர் கண்டது மெய்யே. கண்ட நாள்தான் பிந்தியது.

இங்கேதான் விளையாட்டு வினையாகிறது. நம் பிள்ளைகள் தம் தாத்தாவைக் கண்டதும் பிந்திய நாளிலேதான். மாடிப்படியில் இருமுறை நின்று மூச்சு வாங்கும் முதியவரையே அவர்கள் அறிவர். “தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது” என்று மலையாளத்தில் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். அம்மொழியில் ஓரெழுத்தும் அறியாமல் இந்நகர் வந்து, சாலைக் கடைத்தெருவில் பகலெல்லாம் கணக்கெழுதி, கடைப் பலகைகளைப் படித்தே அதனைக் கற்று, தங்கையர் இருவருக்கு மணம் முடித்த இளைஞரை அவர்கள் அறியார். அவர்கள் பேசுவது அவருக்குச் செவ்வனே விளங்கும் என்பதையும் அறியார்!

எவரையும் கணிக்குமுன், நாம் கண்டது எந்த ஆண்டின் மனிதரை என்று கேட்டுக்கொள்வது நலம். நேயர்கள் இவ்விதழை இல்லத்து முதியோரிடம் கொடுத்து, பிள்ளைகள் கேட்க உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டுகிறோம். நம் இல்லத்தில் தந்தையாரே படிப்பார். மார்சியானோவின் 49 வெற்றிகள் வருமிடத்தில் மட்டும் குரல் சற்றே உயரும்.